சுவரில் எழுதிய கணக்கு

எழுத்தாளன் என்று பெயர் வாங்கிவிட்டால் ஊரார் எதையெல்லாமோ கேட்பார்கள். குழந்தைக்கு ஒரு பெயர் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி கேட்பார்கள். கடன் கேட்டு எழுதும் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார். ஆனால் ஆம்பூரில் இருக்கும் என் பழைய நண்பரின் மகன் கேட்டதுபோல் இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

"எங்கள் ஆபீஸ் சுவருக்கு எதைப் பூசலாம், மாமா? அதில் எழுதவும் வேண்டும், அழிக்கவும் வேண்டும். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்கிறோம்" என்றான்.

"அது கொத்தனாரைக் கேட்கவேண்டிய விஷயம் அல்லவா?"

"கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். சண்டைதான் தீரவில்லை. எழுத்து சம்பந்தப்பட்டது என்றால் உங்களைக் கேட்கச் சொல்லி அப்பா சொன்னார்."

கேலி செய்கிறானோ என்று ஒரு கணம் சந்தேகித்தேன். குரலில் கேலி இல்லை. மறுநாள் காட்பாடியில் ரயில் ஏறிவிட்டேன்.

அது ஒரு பொதுக் காரியாலயம். சிறு தொழில்காரர்கள் நாலு பேர் ஒரே கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒருவர் ஷூவின் அடிப்பாகம் வாங்கி விற்பவர். ஒருவர் ஷூவுக்கு மாதிரி வரைந்து அட்டை வெட்டிக் கொடுப்பவர். மூன்றாமவர் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பவர். நாலாமவன் நண்பரின் மகன். வெட்டிய தோலைச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களிடம் கொடுத்து, வீட்டிலேயே கையால் தைக்கச் செய்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வாங்கிவருபவன். தனித்தனியாக அறை எடுக்க யாருக்கும் வசதி இல்லை. ஒரு நீண்ட மேஜை, ஒரு காபி ஃபிளாஸ்க், ஒரு நீண்ட சுவர் ஆகிய மூன்றும் எல்லாருக்கும் பொது. மேஜையைப் பற்றியும் காபியைப் பற்றியும் தகராறு இல்லை.

மேஜையின்மேல் மாதிரித் துண்டுகளைப் பரப்பிவைத்திருந்தார்கள். மரப்பலகையின்மேல் வழவழப்பான வெள்ளைத் தகடு ஒட்டியது ஒன்று. விலை மலிவு, ஆனால் எழுதியதை நாலைந்து நாள் விட்டுவிட்டால் துடைத்த பிறகும் நிழல்போல் நிற்கும். இன்னொன்று பீங்கான் பூசிச் சூளையில் சுட்ட எஃகுத் தகடு. நம் வீட்டு எனாமல் தட்டுக்கு அது உறவு. நெடுநாள் உழைக்கும்; உள்ளே இரும்பு இருப்பதால் காந்தமும் ஒட்டும், தோல் மாதிரிகளைக் காந்தத்தால் மாட்டிவைக்கலாம். கண்ணாடியும் இருந்தது. கறை ஏறாது, ஆனால் எதிரே ஜன்னல் இருந்தால் எழுத்து தெரியாமல் வாசிப்பவன் முகம்தான் தெரியும். கரும்பலகைச் சாயம் மிகவும் மலிவு; சாக்குத் தூள் தோல் மாதிரிகளின்மேல் படியும் என்று மாதிரி வரைபவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடைசியாக, சுவர் முழுவதையும் எழுதும் பலகையாக்கிவிடும் வெள்ளைச் சாயம். பலகை, சட்டம் எதுவும் வேண்டாம். தரையிலிருந்து கூரைவரை எழுதலாம். இளைஞர்களுக்கு அதன்மேல்தான் ஆசை.

நான் எழுந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கூடம் ஒரு காலத்தில் பச்சைத் தோல் கிடங்கு. உப்புப் போட்ட தோலை ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்த சுவர் அது. தோல் போய்ப் பல வருஷங்கள் ஆகியும் உப்பு சுவருக்குள்ளேயே இருந்தது. மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து, வெயிலில் பூத்து, மேலே எந்தச் சாயத்தைப் பூசினாலும் செதில் செதிலாக உரித்துத் தள்ளிவிடும். சாயம் வேண்டாம் என்று கொத்தனார் சொன்னது அதனால்தான்.

உரித்த தோல் கெட்டுப்போகாமல் இருக்க அதன் எடையில் 3-இல் 1 பங்கு, சில சமயம் அதற்கு மேலும் உப்புப் போடவேண்டியிருக்கிறது. அத்தனை உப்பும் தோலை ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே கரைந்து வெளியே வந்துவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது: கெடுத்தவனே ஈடு கட்டவேண்டும் என்று. அதன்படி அமைந்த அதிகாரக் குழு 2001-இல் 547 தோல் தொழிற்சாலைகளின்மேல் பொறுப்பை வைத்து, 29,193 குடும்பங்களுக்கு இழப்பீடு விதித்தது. 2025 ஜனவரி 30-இல் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே விஷயத்தில், எஞ்சியிருக்கும் இழப்பீட்டைக் கொடுத்துவிடச் சொல்லித் தீர்ப்பு எழுதவேண்டியிருந்தது. இடையில் எத்தனை காரியாலயங்களில் எத்தனை பலகைகளைத் துடைத்திருப்பார்கள்! கிணற்றுக்குள் இருக்கும் கணக்கை யாரும் துடைக்க முடியவில்லை.

சுவரைப் பற்றிச் சொல்லவந்தவன் ஆற்றுக்குப் போய்விட்டேன். அந்தப் பக்கத்துக்காரன் யாராக இருந்தாலும் பேச்சு கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும்.

"அப்படியானால் எஃகுத் தகடுதான்" என்றேன். "சுவரில் சட்டம் அடித்து, சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு மாட்டுங்கள். இதற்கு என்னை ஏன் கூப்பிட்டீர்கள்?"

யாரும் பேசவில்லை. மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். நண்பரின் மகனிடம் கணக்கு எழுதுபவள். "தகடு எதுவாக இருந்தால் என்ன, ஐயா? டஸ்டர் யார் கையில் இருக்கும் என்பதை யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள்" என்றாள்.

அப்போதுதான் சண்டையின் வேர் தெரிந்தது. புதுச் சுவர் வரும்வரையில் அவர்கள் ஒரு பழைய வெள்ளைப் பலகையை வைத்துக்கொண்டிருந்தார்கள். தையல் ஜோடிகளைக் கொண்டுவந்து கொடுக்கும் பெண்களின் எண்ணிக்கையை இவள் அன்றன்று அதில் எழுதிவிட்டு, வாரக் கடைசியில் புத்தகத்தில் ஏற்றுவாள். ஒருநாள் இரவு மாதிரி வரைபவருக்கு ஏதோ யோசனை வந்திருக்கிறது. பலகையைத் துடைத்துவிட்டு ஒரு செருப்பின் வளைவை வரைந்துவிட்டார். மூன்று கிராமத்துக் கணக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர். போன வாரத்துக் கணக்கு என்று நினைத்தேன் என்று பத்து முறை வருத்தம் சொன்னார். நண்பரின் மகனும் நல்லவன்தான். பெண்கள் சொன்ன எண்ணிக்கையையே ஒப்புக்கொண்டு பணம் கொடுத்துவிட்டான். ஆனால் கொடுக்கும்போது, "இந்தத் தடவை நீங்கள் சொல்வதை நம்பித் தருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அதில் ஒரு பெண், "நம்பித் தருகிற பணம் எங்களுக்கு வேண்டாம், எண்ணித் தாருங்கள்" என்று சொல்லிவிட்டு, பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

அதைக் கேட்டதும் என்னால் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை. காரணம் ஐம்பது வருஷத்துக்கு முந்தியது.

கதை எழுதத் தொடங்குவதற்கு முன் இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்பு ஒன்றில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எந்த ஊர், யாருடைய ஷாப்பு என்பதெல்லாம் வேண்டாம். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை மரக்கட்டையின்மேல் போட்டு, இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் சவ்வு நீக்குகிற வேலைக்கு உருப்படிக் கணக்கில் கூலி. மேஸ்திரி வந்து எண்ணிக்கையைச் சொல்லுவார். வாசலில் தொங்கிய கரும்பலகையில் நான் சாக்குக்கட்டியால் எழுதுவேன். சாயங்காலம் பேரேட்டில் ஏற்றுவேன். ஒரு வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள் என்று சொல்லி, வாசலைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். நான் பலகையைத் துடைத்தேன். துடைத்த பிறகுதான், முந்தின நாள் கணக்கைப் பேரேட்டில் ஏற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று அந்த வயதில் எனக்கு ஒரு கர்வம்.

சனிக்கிழமை கூலி வாங்க வந்த ஒரு பெரியவர், தமக்கு வியாழக்கிழமை 32 உருப்படி என்றார். பேரேட்டில் 29 இருந்தது. மேஸ்திரிக்கு நினைவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். "29 தான்" என்றேன். பேரேட்டில் மை காய்ந்திருந்தது; அதற்கு மேல் சாட்சி எதற்கு? என் தகப்பனாரின் வயது அவருக்கு. அவர் என்னை 'சார்' என்பார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அப்படித்தான் அங்கே வழக்கம். "உங்க கணக்கே இருக்கட்டும், சார்" என்று சொல்லிப் பணத்தை எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துச் சுண்ணாம்பு இருப்பைப் பார்க்கக் குழிப்பக்கம் போனேன். கதவுக்குப் பின்னால், காரைச் சுவரில், கத்தி முனையால் கீறிய கோடுகள். நாலு நிற்கும் கோடு, குறுக்கே ஒன்று; நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாளுக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு நீளக் கோடு. அந்த இடத்தில் மரக்கட்டை போட்டு வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனேன். அந்த வியாழக்கிழமை வந்தது. இரண்டு தடவை எண்ணினேன். 32.

இதை அவர் ஏன் காட்டவில்லை? காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பேரேட்டை எழுதியவன் கணக்கன்; சுவரைக் கீறியவன் கூலிக்காரன். கீறியது அழியாத எழுத்துத்தான், ஆனால் செல்லாத எழுத்து. நானும் சொல்லவில்லை. சொன்னால் பலகையைத் துடைத்தது வெளியாகும், வேலை போகும் என்று பயந்தேன். இன்னொரு நாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பெருநாளுக்கு முன்னால் ஷாப்பு முழுவதும் வெள்ளையடித்தார்கள். கதவுக்குப் பின்னாலும் அடித்தார்கள்.

இவ்வளவும் நடந்திருப்பதால், அழியாத எழுத்தே உயர்ந்தது என்று நான் சொல்லப்போகிறேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. என் பிழைப்பே அடித்து எழுதுவதில் இருக்கிறது. நான் கிழித்துப்போட்ட பக்கங்களை யாராவது கல்லில் வெட்டி வைத்திருந்தால் இந்நேரம் ஊரை விட்டே ஓடியிருப்பேன். திண்ணைப் பள்ளியில் குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தார்களே, அதில் எவ்வளவு கருணை இருந்தது! தப்பாகப் போட்ட எழுத்தைக் கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. குழந்தையின் தப்புக்குச் சாட்சியே கிடையாது. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைக் குழந்தைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தவந்த ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் மணல் தட்டை வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போயிற்று. அழித்து எழுதும் சௌகரியத்தை நாம் அவர்களுக்குக் கொடுத்தோம் என்று நினைத்தால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

ஐரோப்பாவில் எழுதுவதற்கே தோல்தான். ஆம்பூர்க் குழிகளில் செய்வதுபோலவேதான்: சுண்ணாம்பில் ஊறவைப்பது, மயிர் களைவது, வளைந்த கத்தியால் சுரண்டுவது. அதன்பிறகு பட்டைச் சாற்றில் போடாமல் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் எழுதும் தோல். அது விலை உயர்ந்த பொருள். ஆகையால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். ஆர்க்கிமிடீஸின் கணித நூல்களை 10-ஆம் நூற்றாண்டில் யாரோ அப்படி ஒரு தோல் சுவடியில் பிரதி செய்திருந்தார். 13-ஆம் நூற்றாண்டில் வேறொருவர் அதைச் சுரண்டி, ஏடுகளைத் திருப்பி, பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார். 1906-இல் ஹைபெர்க் என்ற டென்மார்க் அறிஞர் பிரார்த்தனைக்கு அடியில் மங்கித் தெரிந்த கணிதத்தைக் கண்டுபிடித்தார். சுரண்டியவர் தீயவர் அல்லர். கையில் தோல் இல்லை, மனத்தில் பக்தி இருந்தது. நம் மாதிரி வரைபவரைப்போல, இது பழைய கணக்கு என்று நினைத்துவிட்டார்.

ஆக, அழிப்பது பாவமும் இல்லை, அழியாதது புண்ணியமும் இல்லை. எதை எதில் எழுதுவது என்பதுதான் கேள்வி என்று தோன்றியது. அப்போது எனக்கு உத்திரமேரூர் நினைவு வந்தது.

நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஊர்க் காரியம் பார்த்த கூடம் என்றால் தமிழ்நாட்டில் அதைவிடப் பெயர் பெற்றது இல்லை. இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என்று சொல்லும் அந்த மண்டபத்தின் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலுமாக இரண்டு தீர்மானங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைப் பற்றியவை. தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் குடவோலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அங்கே போனபோது எனக்குப் பட்டது வேறு. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆள் மாறுவான், ஆகவே பெயருக்கு ஓலை. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மறுபடி வரக்கூடாது என்ற விதிக்குக் கல். ஒரே கூடத்தில் இரண்டு வகை எழுத்து!

இன்னொன்றும் உண்டு. 919-இல் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் அது சரிப்படவில்லை. 35-க்கு மேல் 70-க்குள் என்று மாற்றினார்கள். பழையதைச் செதுக்கி எடுக்கவில்லை. இரண்டும் அங்கேயே இருக்கின்றன. முன்பு எப்படி நினைத்தோம், பிறகு எப்படி மாற்றிக்கொண்டோம் என்பதை இன்றைக்கும் வாசிக்கலாம். ஒழுங்கான கணக்கன் செய்வதும் அதுதான்: தப்பை உள்ளே தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போடுவான். சுரண்டிய பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் நம்பமாட்டார். அந்தக் கூடத்தைப் பற்றிக் கனவு காணவும் எனக்கு விருப்பம் இல்லை. கால் வேலி நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்குத்தான் அங்கே ஓலை. உழுதவர்களுடைய கோடுகள் எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தனவோ, அவற்றின்மேல் எத்தனை தடவை வெள்ளையடித்தார்களோ!

இதையெல்லாம் அவர்களிடம் இப்படியே சொல்லவில்லை. பாதி சொன்னேன், காபி வந்துவிட்டது. ஆனால் நெடுநேரம் பேசிய பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நீளச் சுவரில் எனாமல் தகடு. அதில் யாரும் எதையும் வரையலாம், துடைக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரையும் கேட்காமல் முழுவதும் துடைத்துவிடலாம். தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் செய்வதுபோல் 'இந்த இடம் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது' என்று யாரும் எழுதி வைக்கக்கூடாது. திறந்த இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க 1959-இலேயே நம் மாநிலத்தில் சட்டம் போட்டாகிவிட்டது, அதன் பலனை ஆம்பூர்ச் சுவர்களில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷூ அடிப்பாகக்காரர் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள்.

கூலி எண்ணிக்கை மட்டும் அந்தத் தகட்டுக்கு வரக்கூடாது என்று கணக்கு எழுதும் பெண் பிடிவாதமாக நின்றாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றால் கட்டிவைப்பது. ஜோடிகளைக் கொண்டுவருகிற பெண் முன்னாலேயே எண்ணி, மையினால் எழுதி, கொண்டுவந்தவளும் வாங்கியவளும் கையெழுத்துப் போடுவது. அதே எண்ணைக் கொண்டுவந்தவளின் சிறு புத்தகத்திலும் எழுதி அவளிடமே கொடுத்துவிடுவது. "அவர்கள் கையில் ஒரு பிரதி எதற்கு? நம்மிடம் இருக்கிறதே" என்றான் நண்பரின் மகன். அவள் அவனுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். பலகை துடைத்த கதையை அதற்கு முன்பே நான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டான். வைத்துவிட்டுப்போன பணத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவனே போவதாகவும், அவள் எதிரில் எண்ணிக் கொடுத்து எழுதி வாங்கி வருவதாகவும் சொன்னான்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை கணக்கு எழுதும் பெண் வந்தாள்.

"அந்தப் பெரியவருக்குப் பிறகாவது கொடுத்தீர்களா, ஐயா?"

"இல்லை, அம்மா. நான் வேலையை விட்டு நின்று, கதை எழுதிப் பெயர் வாங்கி, ஒருநாள் தேடிக்கொண்டு போனேன். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள்."

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மூன்று உருப்படிக்கு அப்போது எவ்வளவு கூலி?" என்று கேட்டாள்.

சொன்னேன். பைசா பிசகாமல் நினைவிருந்தது.

கையில் இருந்த பேனாவால் அவள் அதை எங்கேயோ குறித்துக்கொண்டாள்.